சொல்லால் எழுந்த வலயம்: தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்தால்கெர்' படமும் தமிழ் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

முன்னுரை

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் திரைப்படக் கல்வியோடு தொடர்புடைய இரண்டு நிறுவனங்கள் அமைந்துள்ளன. ஒன்று, பிரபாத் திரைப்பட நிறுவனத்தின் பழைய படப்பிடிப்பு வளாகத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். மற்றொன்று, 1964இல் நிறுவப்பெற்று, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். தமிழ், மலையாளம், வங்கம், மராத்தி, அசாமியம் எனப் பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து, ருஷ்ய, ஜப்பானிய, இத்தாலியப் படங்களை ஆங்கிலத் துணைத்தலைப்புகளின் துணைகொண்டு பார்ப்பது இவ்விடங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும்.

இவ்வழக்கத்தின் திரைக்கலைப் பயன் பலராலும் பேசப்பட்டுள்ளது. அதன் மொழியியல் விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை. படத்தில் பேசுவோர் மொழியில் முன்னிலை ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் வேறுபாடு உண்டு. பார்ப்போர் மொழிகளிலும் அவ்வேறுபாடு உண்டு. மராத்தி, வங்கம் முதலியவற்றில் மூன்று படிநிலைகளும் உள்ளன. ஆனால் இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. இருபுறமும் உள்ள ஒரு பண்பு, இடைமொழியில் இல்லாமையால் பார்ப்பவரைச் சேராமற் போகிறது. இவ்விழப்பு எல்லாப் படங்களுக்கும் பொதுவானதே. எனினும் சில படங்களில் அது சிறு குறையாகவும், சில படங்களில் படத்தின் அடிப்படையையே தொடும் குறையாகவும் அமைகிறது.

ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி (1932–1986) இயக்கி, 1979இல் வெளிவந்த 'ஸ்தால்கெர்' இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அறிவியல் புனைகதை எனப்படும் இப்படத்தில் விண்கலம் இல்லை, வேற்றுலகத்தார் இல்லை, கருவிகளும் இல்லை. வியப்புக்குரிய ஓர் இடம் உள்ளது என்பதற்குப் பாத்திரங்களின் பேச்சே பெரும்பாலும் சான்று. ஆகவே அப்பேச்சை மொழிபெயர்ப்பவர், படம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதையே ஒருவகையில் தீர்மானிக்கிறார். ஆங்கிலத் துணைத்தலைப்பு இழந்தவற்றுள் எவற்றைத் தமிழ் மீட்கக்கூடும், எவ்விடங்களில் மூலத்தில் இல்லாததைத் தமிழ் சேர்க்க நேரும் என்னும் இரு வினாக்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

நாவலிலிருந்து படத்திற்கு

படத்தின் மூலம், அர்க்காதி, பரீஸ் ஸ்த்ருகாத்ஸ்கி உடன்பிறப்பினர் எழுதி 1972இல் 'அவ்ரோரா' இதழில் வெளிவந்த நாவலாகும். 'சாலையோரச் சிற்றுலா' எனப் பொருள்படும் தலைப்பை உடையது. வேற்றுலகத்தார் புவியில் சிறிது நேரம் தங்கிச் சென்றபின், அவர்கள் விட்டுப்போன பொருள்கள் சில நிலப்பகுதிகளில் கிடக்கின்றன. அப்பகுதிகளுக்குள் சட்டத்தை மீறி நுழைந்து பொருள்களை எடுத்து விற்பவர்களே 'ஸ்தால்கெர்'கள். நாவலில் அப்பொருள்களுக்கும் ஆபத்துகளுக்கும் திருடர்களே இட்ட பெயர்கள் நிறைய வருகின்றன. நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் கூறும் குழூஉக்குறிக்கு அவை நல்ல எடுத்துக்காட்டுகள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கியதாக உரையாசிரியர்கள் காட்டும் முறையிலேயே, இங்கும் தொழில் ஒரு தனிச் சொற்றொகுதியை ஈன்றுள்ளது.

திரைக்கதையை ஸ்த்ருகாத்ஸ்கி உடன்பிறப்பினரே எழுதினர். எனினும் படம் உருவான நெடிய பணியில் அப்பொருள்கள் யாவும் நீக்கப்பட்டன. எஸ்தோனியாவில் 1977இல் எடுத்த படச்சுருள்களின் பெரும்பகுதி பதப்படுத்துகையில் கெட்டுப்போனதால், மறு ஆண்டு புதிய ஒளிப்பதிவாளரைக் கொண்டு படம் மீண்டும் எடுக்கப்பட்டது. இறுதி வடிவில் எஞ்சியவை மிகச் சிலவே: ஒரு வழிகாட்டி, ஓர் எழுத்தாளர், ஒரு பேராசிரியர், காவலைக் கடந்து செல்லும் ஒரு பயணம், உள்ளே ஓர் அறை. அவ்வறையின் வாயிலைக் கடப்பவரின் உள்ளத்தின் ஆழத்தில் கிடக்கும் விருப்பம் நிறைவேறும் என்பது நம்பிக்கை.

பயணத்தில் நாம் காண்பன புல்வெளி, துருப்பிடித்த வண்டிகள், நீர் தேங்கிய இடிபாடுகள் ஆகியவை. வழிகாட்டி துணிநாடா கட்டிய திருகுமரைகளை முன்னே எறிந்து வழி பார்க்கிறான். நேர்வழி செல்லலாகாது என்கிறான். வந்த வழியே திரும்பலாகாது என்கிறான். அவன் சொல்வதை நீக்கிவிட்டுப் பார்த்தால், மூவர் ஒரு கைவிடப்பட்ட தொழிற்பகுதியில் நடந்து செல்லும் காட்சியே எஞ்சும். நாவலில் வியப்பைத் தாங்கிய பொருள்கள் அகற்றப்பட்டபோது, அச்சுமை முழுவதும் சொல்லின்மேல் ஏறியது. குழூஉக்குறிகளுள்ளும் இரண்டொன்றே படத்தில் தங்கின. அவற்றுள் ஒன்று 'வறண்ட சுரங்கவழி'. அங்கே நீர் அருவிபோற் கொட்டுகிறது. பெயரைக் கேட்டு வியக்கும் பயணிகளுக்கு, அஃது இவ்விடத்து நகைச்சொல் என்றும், வழக்கமாக அங்கே நீந்தியே போகவேண்டும் என்றும் விளக்கம் தரப்படுகிறது. இவ்விடத்தில் பார்வையாளர் சொல்லும் பொருளும் முரண்படுவதைக் கண்ணாற் காண்கின்றனர். மற்ற இடங்களில் அவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

தலைப்புச் சொல்

ஆங்கில வழி வரும் தமிழர் இப்படத்தை 'ஸ்டாக்கர்' என்றே வழங்குகின்றனர். ருஷ்யர் லகரத்தை ஒலித்து 'ஸ்தால்கெர்' என்பர். இவ்வொலி வேறுபாடு பொருள் வேறுபாட்டையும் சுட்டுகிறது. ஆங்கிலச் சொல், வேட்டை விலங்கைப் பதுங்கிப் பின்தொடர்பவனைக் குறித்தது. ஸ்த்ருகாத்ஸ்கி உடன்பிறப்பினர் அதனை ருஷ்யத்தில் ஒரு கற்பனைத் தொழிலுக்குப் பெயராக்கினர். கிப்ளிங்கின் பள்ளிக் கதைத் தொகுதி ஒன்றின் நாயகன் பெயர் இதற்குத் தூண்டுகோலாக இருந்தது எனப் பரீஸ் ஸ்த்ருகாத்ஸ்கி பின்னர் எழுதியுள்ளார். நாவலுக்கும் படத்துக்கும் பின்னர் அச்சொல் ருஷ்யப் பொதுவழக்கில் கலந்தது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப்பின், தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் மறைந்து நுழைவோரும் அப்பெயராலேயே சுட்டப்பட்டனர்.

ஆங்கிலத்திலோ அதே சொல் வேறு திசையிற் சென்றது. 1990இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, ஒருவரை விடாது பின்தொடர்ந்து அச்சுறுத்தும் குற்றவாளியையே அது முதன்மையாகக் குறிக்கலாயிற்று. இந்தியாவிலும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இக்குற்றம் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தனிப் பிரிவாக உள்ளது. எனவே இன்று ஆங்கில ஒலிப்புடன் தலைப்பைப் படிக்கும் தமிழர், படம் தொடங்குமுன்னரே பிழையான எதிர்பார்ப்பைப் பெறுகின்றனர். ருஷ்ய ஒலிப்பை ஒட்டி 'ஸ்தால்கெர்' என்று எழுதுவது புலமைக்காட்சி அன்று. ஒரு பொருட்பிழையைத் தவிர்க்கும் வழியாகும்.

தமிழ்ச் சொல்லொன்றைத் தலைப்பாக்க முடியாதா என்னும் வினா எழலாம். 'வழிகாட்டி' என்பது சுற்றுலா வழிகாட்டியையும் கையேட்டையும் நினைவூட்டும். தொழிலின் கள்ளத்தன்மை அதில் இல்லை. 'ஆற்றுப்படுத்துநர்' என்பது பொருத்தமாகத் தோன்றினும், இன்றைய வழக்கில் அது மனநல ஆலோசகரைக் குறிக்கும் கலைச்சொல்லாகிவிட்டது. ஆயினும் 'ஆற்றுப்படை' என்னும் கருத்தாக்கம் தலைப்புக்கு உதவாவிடினும் திறனாய்வுக்கு உதவுகிறது.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் பெற்றதைக் கூறி அவ்வள்ளலிடம் செல்லும் நெறியைக் காட்டுவது அதன் பொது அமைப்பு. முருகாற்றுப்படையில் அருள் பெற்றவர் அருள் நாடுவாரை நெறிப்படுத்துகிறார். மலைபடுகடாத்தில் அந்நெறியின் இடர்கள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. எங்கே வழுக்கும், எங்கே கல் வந்து விழும், எவ்விடத்தில் எதனைப் பற்றிச் செல்லவேண்டும் என்னும் அறிவுரைகள், 'ஸ்தால்கெர்' படத்தின் உரையாடல்களைப் பெரிதும் ஒத்தவை. வேறுபாடு ஒன்றே. ஆற்றுப்படையில் நெறி கூறுபவன் பெற்றவன். அவன் சொல்லுக்கு அவன் பெற்ற பரிசிலே சான்று. படத்தின் வழிகாட்டியோ அறைக்குள் நுழைந்தறியாதவன்; அவனுக்கு அது விலக்கப்பட்டது. பெறாதவன் பெறாதவர்க்கு நெறி காட்டுகிறான். இறுதியில் எழுத்தாளர் வழிகாட்டியின்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு இவ்விடைவெளியிலிருந்தே எழுகிறது. சான்று இல்லாத ஆற்றுப்படை எனப் படத்தைப் படித்தால், அவன் சொல்லின் நிலையின்மை தெளிவாகும்.

மண்டலமா, வலயமா?

மூவரும் நுழையும் நிலப்பகுதிக்கு ருஷ்யத்தில் 'சோனா' என்று பெயர். ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் இருப்பதால் துணைத்தலைப்பில் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் சோவியத் கால ருஷ்யப் பேச்சில் அச்சொல்லுக்குச் சிறைமுகாமின் வேலியிட்ட பகுதி என்னும் பொருளும் உண்டு. படத்தின் தொடக்கத்தில், மீண்டும் சிறைக்குப் போக நேரும் என மனைவி எச்சரிக்கும்போது, தனக்கு எங்கும் சிறைதான் என்கிறான் கணவன். அவனுக்கு வெளியுலகம் சிறை, 'சோனா'வே விடுதலை. ருஷ்ய மொழியினர் இம்முரணைச் சொல்லுக்குள்ளேயே கேட்பர். ஆங்கிலச் சொல்லில் அது கேளாது.

தமிழகத்தில் இச்சொல்லுக்கு 'மண்டலம்' என்பது நிலைபெற்ற கலைச்சொல். சிறப்புப் பொருளாதார மண்டலம், மாநகராட்சி மண்டல அலுவலகம் என வழங்குகிறோம். தொண்டை மண்டலம், கொங்கு மண்டலம் என்னும் பழைய பெருமையும், நோன்புக்குரிய நாள் கணக்கும் அச்சொல்லில் உண்டு. வேலியும் அச்சமும் இல்லை. இலங்கைத் தமிழில் இதே இடத்தில் 'வலயம்' வழங்குகிறது. கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம் என்னும் ஆட்சிச்சொற்களோடு, 'உயர் பாதுகாப்பு வலயம்' என்னும் தொடரும் அங்கே ஒவ்வொருவரும் அறிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் இடம்பெயர நேர்ந்தபின், பலாலி, காங்கேசன்துறைச் சூழலில் ஊர்கள் பல ஆண்டுகள் கம்பிவேலிக்குள் கிடந்தன. வீடுகள் இடிந்து, காணிகள் காடாகி, சொந்த நிலத்துக்குள் நுழைவதே குற்றமாகிய நிலை அச்சொல்லோடு பிணைந்தது. 2009க்குப்பின் அந்நிலங்கள் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன.

எனவே 'சோனா' என்பதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் 'வலயம்' என்பது என் துணிபு. காவல், விலக்கு, புல் மூடிய வாழிடம், அதற்குள் போகவேண்டும் என்னும் தணியாத விருப்பம் ஆகிய நான்கும் அச்சொல்லில் உள்ளன. இது படத்தை ஈழத்துக் கதையாக்கிவிடாதா என்பார்க்கு, ருஷ்யச் சொல்லும் அந்நாட்டு வரலாற்றின் வடுவைத் தாங்கியதே என்பது விடையாகும். வடு இல்லாத சொல்லைத் தேர்வது நடுநிலை போலத் தோன்றினும், உண்மையில் ஒரு பொருளைக் கைவிடுவதாகும். மேலும், தமிழ்நாட்டுக் கலைச்சொல்லே பொதுத் தமிழ்ச் சொல் என்று மொழிபெயர்ப்பாளர் இயல்பாகக் கொள்ளும் எண்ணத்தையும் இவ்வெடுத்துக்காட்டு மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

முன்னிலையும் படர்க்கையும்

ருஷ்யத்தில் 'தி' ஒருமை முன்னிலை. 'வி' பன்மையும் மரியாதையும் உணர்த்தும் முன்னிலை. தமிழின் நீ, நீங்கள் ஆகியவற்றோடு இவை ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. படத்தில் வழிகாட்டி தன் பயணிகளிடம் மரியாதை முன்னிலையிலேயே பேசுகிறான். ஆபத்தான இடங்களில் அவன் கட்டளையிடும்போதும் அது மாறுவதில்லை. அறையின் வாயிலில் எழுத்தாளர் சினமுற்று அவனைப் பழிக்கும்போதோ ஒருமை முன்னிலை வெடித்து வருகிறது. பிறருடைய ஏக்கத்தை வைத்துப் பிழைப்பவன் என்றும், இங்கே அரசனாகவும் கடவுளாகவும் இருந்து இன்பம் காண்பவன் என்றும் அவர் அவனைச் சாடுகிறார். அவ்வுரையிலேயே வழிகாட்டிகளை ஒரு கூட்டமாக எண்ணிப் பேசுகையில் பன்மையும் வருகிறது. ஆங்கிலத்தில் இவை யாவும் ஒரே சொல்லாகின்றன. தமிழில் இத்திருப்பத்தை எவ்வித முயற்சியுமின்றி மீட்கலாம். 'நீங்கள்' என்று வந்த உரையாடலில் திடீரென 'நீ' விழும்போது தமிழ்ச் செவி அதிரும். 'உங்களைப் போன்ற ஆட்கள்' என்று விரியும்போது, தனிமனிதன் மீதான பழி தொழிலின் மீதான பழியாக மாறுவதும் புலப்படும்.

எனினும் 'தி'யை எங்கும் 'நீ' என்றும் 'வி'யை எங்கும் 'நீங்கள்' என்றும் இயந்திரம்போல மாற்ற இயலாது. படத்தின் முதல் உரையாடல் மனைவி கணவனிடம் பேசுவது. தன் கைக்கடிகாரத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறாள். ருஷ்யத்தில் கணவன் மனைவியர் ஒருவரையொருவர் 'தி' என்பது இயல்பு. அதில் சினமும் இல்லை, தாழ்வும் இல்லை. தமிழிலோ மனைவி கணவனை 'நீங்கள்' என்பதும், 'நீ' என்பதும் குடும்பம், வட்டாரம், வாழ்நிலை, அப்போதைய மனநிலை ஆகியவற்றைப் பொறுத்தவை. இருப்புப்பாதை ஓரத்து ஒற்றையறை வாழ்வும், அவளது கொதிப்பும் இவ்விடத்தில் 'நீ'யைப் பொருத்தமாக்குகின்றன. ஆனால் இது மொழிபெயர்ப்பாளர் செய்யும் சமூகவியல் முடிவு. மூலம் அவருக்குத் தந்த முடிவு அன்று.

படத்தின் இறுதிப் பகுதியில் அதே மனைவி கேமராவை நேராக நோக்கிப் பார்வையாளரிடம் 'வி' என்னும் முன்னிலையில் பேசுகிறாள். இங்கே 'நீங்கள்' என்பதில் ஐயமில்லை. சிக்கல், அவள் கணவனைக் குறிக்கும் படர்க்கைச் சொல்லில் உள்ளது. ருஷ்யப் படர்க்கை ஆண்பாற் பெயரில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் 'அவன்' என்றோ 'அவர்' என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். கணவனிடம் 'நீ' என்று பேசும் தமிழ்ப் பெண்ணும், அயலாரிடம் அவனைப் பற்றிப் பேசுகையில் 'அவர்' என்பதே பெரும்பான்மை வழக்கு. 'அவர்' எனக் கொண்டால், ஊரார் நகைக்கும் ஒருவனை அவள் அயலார்முன் தாங்கிப் பிடிப்பது ஒரு விகுதியிலேயே வெளிப்படும். மூலம் இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவள் பேச்சு முழுவதும் உணர்த்துகிறது. இங்குத் தமிழ் மூலத்தைவிட ஒரு படி கூடுதலாகச் சொல்கிறது. அக்கூடுதல் படத்தின் போக்கோடு இசைவதால் ஏற்கத்தக்கது.

அவள் அவனுக்குச் சூட்டும் சொல்லும் கருதத்தக்கது. 'பிளஷென்னி' என்னும் ருஷ்யச் சொல் அருள்பெற்றவன், பேதை என்னும் இரு பொருளையும் ஒருங்கே உடையது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் இதனைக் கூறல் அரிது. தமிழில் 'பித்தர்' உண்டு. சுந்தரர் இறைவனையே அவ்வாறு விளித்த மரபு, அச்சொல்லின் ஏளனத்துக்குள் உயர்வையும் வைத்திருக்கிறது.

வலயத்தைச் சுட்டும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. 'சோனா' ருஷ்யத்தில் பெண்பாற் சொல்லாதலால், அதனைச் சுட்டுகையில் 'அவள்' என்பதற்குரிய வடிவமே வரும். அஃது இலக்கணப்பால், உயிருடைமையைக் காட்டாது. ஆனால் வலயத்தை அடைந்ததும் புல்லில் முகம்புதையப் படுப்பவனும், வலயம் மரியாதையை எதிர்பார்க்கிறது, தவறினால் தண்டிக்கும் என்பவனும் அதனை வெறும் நிலமாகக் கருதவில்லை. மகிழ்ச்சி, உயர்வு, சினம் முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருவதை வழுவமைதியாக ஏற்கும் நன்னூல் நெறி இங்கே கைகொடுக்கும். எனினும் படம் முழுவதும் 'அவள்' என்றால் வலயம் அம்மனாகிவிடும். அஃறிணையே பொதுவாக நின்று, வழிகாட்டி தனித்துப் பேசும் ஓரிரு இடங்களில் மட்டும் உயர்திணை வருதல் தக்கது.

'ஆம்' என்னும் இடைச்சொல்

இதுவரை கூறியவற்றினும் முதன்மையான சிக்கல், வினைமுற்றின் இறுதியில் வரும் 'ஆம்' என்னும் இடைச்சொல் பற்றியது. தமிழில் இஃது மூன்று பணிகளைச் செய்கிறது. 'படை போயிற்றாம், திரும்பவில்லையாம்' என்பதில் பிறர்வாய்க் கேட்டதை உணர்த்துகிறது. 'இவர் பெரிய வழிகாட்டியாம்' என்பதில் எள்ளலை உணர்த்துகிறது. 'ஓர் ஊரில் ஓர் அரசனாம்' என்பதில் கேட்கப்போவது கதை என்பதை உணர்த்துகிறது. செவிவழிச் செய்தி, எள்ளல், கதை ஆகிய இம்மூன்றுமே வலயத்தைப் பற்றி நாம் கொள்ளக்கூடிய மூன்று நிலைப்பாடுகளாகவும் அமைவது வியப்புக்குரியது.

ருஷ்யத்திலும் ஆங்கிலத்திலும் இப்பொருளைத் தனிச் சொற்களாலோ தொடர்களாலோ கூறலாம், கூறாமலும் விடலாம். கூறாமை அங்கே பெரும்பாலும் குறிப்பற்றது. தமிழிலோ, கேட்டறிந்த செய்தியை 'ஆம்' இன்றிச் சொன்னால், பேசுபவர் தம் அறிவாகவே அதனை உறுதிப்படுத்துகிறார் என்று கேட்பவர் கொள்வர். ஆகவே 'ஆம்' இடுவது மட்டுமன்று, இடாமையும் ஒரு தேர்வாகிறது. மொழிபெயர்ப்பாளர் இதிலிருந்து தப்ப இயலாது.

படத்தில் இதனை எவ்வாறு பகிர்வது? தொடக்கத்தில் தோன்றும் எழுத்துரை, நோபல் பரிசு பெற்ற ஒரு கற்பனைப் பேராசிரியரின் பேட்டியாக அமைந்துள்ளது. விண்கல் விழுந்ததா, விண்வெளியிலிருந்து யாரேனும் வந்தனரா என்னும் வினாக்களோடு தொடங்கி, படை அனுப்பியதையும் அது மீளாமையையும் கூறி, காவல் வளையம் அமைத்தது சரிதான் போலும் என்று சொல்லி, தமக்குத் தெரியாது என்னும் தயக்கத்தில் முடிகிறது. அறிவியல் இப்படத்தில் பேசும் குரல் இதுவே. இங்கே ஐயம் உணர்த்தும் 'ஓ', 'போலும்' ஆகியவை வேண்டும். படை அனுப்பியவர்களுள் தம்மையும் சேர்த்துப் பேசுபவர் ஆதலால் 'ஆம்' பொருந்தாது.

வழிகாட்டியின் ஆசிரியன் 'தீக்கோப்ராஸ்' கதை வேறுவகை. இப்பட்டப்பெயருக்கு முள்ளம்பன்றி என்பது பொருள். தமிழில் 'பன்றி' சேர்வதால் வசையாக ஒலிக்கும் இடர் உண்டு. அவன் வலயத்திலிருந்து மீண்டு பெருஞ்செல்வனாகிச் சில நாளில் தூக்கிட்டுக்கொண்டான் என்பதைப் பேராசிரியர் எழுத்தாளருக்குக் கூறுகிறார். உடன்பிறந்தானை மீட்க வேண்டியவனுக்குப் பணமே கிடைத்தது என்னும் விளக்கத்தை எழுத்தாளர் பின்னர் வருவித்துக் கொள்கிறார். பேராசிரியரின் கூற்றில் 'ஆம்' செவிவழிச் செய்தியாகவும், எழுத்தாளரின் கேலிகளில் எள்ளலாகவும் வரலாம். எழுத்தாளர் தம் விளக்கத்தை வந்தடையும் கணத்தில் அவ்விடைச்சொல் மறைந்துவிட வேண்டும். அவர் அப்போது கேலி செய்யவில்லை. வலயத்தின் விதியை முதன்முறையாக உண்மையென ஏற்றுப் பேசுகிறார்.

வழிகாட்டி வலயத்தைப் பற்றிப் பேசும் எவ்விடத்திலும் 'ஆம்' வரலாகாது. அவன் அறைக்குள் போனதில்லை. அறையின் ஆற்றலை நேரில் அறிந்ததில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கின்படி 'அறை விருப்பத்தை நிறைவேற்றுமாம்' என்றே அவன் சொல்லியிருக்க வேண்டும். அவ்வாறு சொல்லாமல் 'நிறைவேற்றும்' என்று வினைமுற்றோடு நிறுத்துவதே அவனது நம்பிக்கையின் இலக்கண வடிவம். மூலத்தில் இல்லாத வேறுபாட்டைத் தமிழ் புகுத்துகிறது என்று இதனை மறுக்கலாம். உண்மைதான், படம் திறந்து வைத்த ஐயத்தை மொழிபெயர்ப்பு மூடிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் மேற்கூறிய பகிர்வில் வலயம் மெய்யா பொய்யா என்பது முடிவு செய்யப்படவில்லை. யார் எந்த அளவு பொறுப்பேற்றுப் பேசுகிறார் என்பதே குறிக்கப்படுகிறது. அவ்வேறுபாடு நடிப்பிலும் குரலிலும் ஏற்கெனவே உள்ளது. ருஷ்யம் அறியாத பார்வையாளருக்குக் குரலின் அந்நுட்பங்கள் முழுதும் எட்டா. எழுத்தில் அவற்றுக்கு ஓர் இடம் தருவது முறையே.

நடைமுறைக் குறிப்புகள்

தமிழ்ச் சொற்களின் நீளம் துணைத்தலைப்புக்குத் தடை என்று பொதுவாகக் கூறப்படும். இப்படத்தில் அத்தடை குறைவு. ஏறத்தாழ 163 நிமிடம் ஓடும் படத்தில் உள்ள ஷாட்டுகள் 142 எனக் கணக்கிட்டுள்ளனர். சராசரியாக ஒரு ஷாட் ஒரு நிமிடத்திற்கும் மேல் நீடிக்கிறது. உரையாடலுக்கிடையே நெடிய மௌனங்கள் உண்டு. மாறாக, எழுத்தாளரின் தனிமொழிகள் செறிவும் விரைவும் உடையவை. அங்கே சுருக்கம் வேண்டும். சுருக்குகையில் கருத்துச்சொற்களைக் காத்து இடைச்சொற்களை நீக்குவதே வழக்கம். மேலே கண்டவாறு, இப்படத்தில் இடைச்சொற்களே நம்பிக்கையின் அளவைச் சுமப்பதால், அவ்வழக்கத்தைத் தலைகீழாக்க நேரும்.

இரண்டாவதாக, மூலமொழியிலிருந்து நேரே பெயர்க்கும் தேவை. இதற்கான முன்மாதிரி தமிழில் உண்டு. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோர் மாஸ்கோவில் தங்கி முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா ஆகியவற்றின்வழி ருஷ்ய இலக்கியத்தைத் தமிழருக்கு அளித்த காலம் ஒன்று இருந்தது. நூலுக்குக் கிட்டிய அவ்வாய்ப்பு திரைப்பட உரையாடலுக்குக் கிட்டவில்லை.

முடிவுரை

புனேக்கு மொழியியலிலும் ஒரு வரலாறு உண்டு. நகரின் மறுபுறத்தில் எரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியில் 1950களில் நடைபெற்ற மொழியியல் கோடைப்பள்ளிகள், இந்திய மொழியியலாளர் ஒரு தலைமுறையை உருவாக்கின. ஒரே நகரில் வளர்ந்த இவ்விரு கல்வி மரபுகளும் சந்திக்கத்தக்க இடம் துணைத்தலைப்பே. ஆவணக் காப்பகத்தை நீண்டகாலம் வளர்த்து 1991இல் ஓய்வுபெற்ற பி. கே. நாயர், கர்நாடகத்தின் ஹெக்கோடு போன்ற சிற்றூருக்கும் உலகப் படங்களைக் கொண்டு சென்றார். ஆங்கிலம் அறிந்தாருக்கே உலகத் திரைப்படம் உரியது என்னும் எண்ணத்தை அம்முயற்சி மறுத்தது. இந்திய மொழிகளில் ஆராய்ந்து அமைத்த துணைத்தலைப்புகள் அதன் இயல்பான அடுத்த படியாகும்.

'ஸ்தால்கெர்' படத்தின் இறுதிக் காட்சியில் வழிகாட்டியின் மகள் மேசையில் தலைசாய்த்து மூன்று கண்ணாடிக் கலங்களைப் பார்க்கிறாள். அவை ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. ஒன்று கீழே விழுகிறது. பிறகு இரயில் கடந்து செல்ல, மேசை அதிர்கிறது. படத்தில் நாம் நம் கண்ணாற் காணும் வியப்பு இது ஒன்றே. இதனை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அதற்குத் துணைத்தலைப்பும் இல்லை. இக்காட்சியை மற்றொருவருக்குக் கூறும் தமிழர், 'கலங்கள் நகர்ந்தன' என்பாரா, 'நகர்ந்தனவாம்' என்பாரா என்பது, அதுவரை அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பையும் பொறுத்தது.